காரத்தின் ருசி



இட்லிக்கு மிளகாய்ப்பொடி தொட்டுச் சாப்பிடுகிறவரைக் கவனித்துப் பாருங்கள். நெற்றி வேர்க்கும், மூக்கில் நீர் வழியும், 'ஸ்ஸ்' என்று காற்றை உறிஞ்சுவார். அடுத்த விள்ளலையும் அதே பொடியில்தான் புரட்டி எடுப்பார். எரிகிற ஒன்றை மனிதன் ஏன் இப்படித் தேடிப்போகிறான்?

இனிப்பு, புளிப்பு போல நாக்கின் சுவை மொட்டுகள் அறிகிற சுவை அல்ல, காரம். சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகள் அதை அறிகின்றன. சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் திறந்துகொள்ளும் ஒரு புரதம் அந்த நரம்புகளில் இருக்கிறது. மிளகாயின் கேப்சைசின் அதைச் சூடில்லாமலே திறந்துவிடுகிறது. 1997இல் இதைக் கண்டறிந்த ஆய்வுக்குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வாய் வேகிறது என்று மூளைக்குச் சேதி போகிறது. உண்மையில் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்றார் உளவியலாளர் பால் ரோசின். ராட்டினம் மேலிருந்து இறங்கும்போது வயிறு கலங்கினாலும் விழமாட்டோம் என்று தெரிந்திருப்பதால் சிரிக்கிறோமே, அதைப் போன்ற ரசனை இது. மெக்சிகோவின் மலைக் கிராமம் ஒன்றில் அவர் ஒன்றைக் கவனித்தார். அங்கே நாயும் பன்றியும் மிளகாய் கலந்த மிச்சத்தைத் தின்றுதான் வளர்ந்தன. ஆனாலும் காரமுள்ளது, இல்லாதது என இரண்டையும் வைத்தால் காரமில்லாததையே நாடின. குழந்தைகளோ, பெரியவர்கள் உண்பதைப் பார்த்துப் பார்த்துத் தாமே காரத்துக்கு வந்துசேர்ந்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

நம் வீடுகளிலும் இந்தப் பயிற்சி மெதுவாகவே நடக்கிறது. முதலில் பருப்பும் நெய்யும் பிசைந்த சோறு. பிறகு ரசத்தின் தெளிவு. உறைத்து அழுதால் நாக்கில் ஒரு சிட்டிகை சர்க்கரை. குழம்புச்சோறு பிறகுதான். இந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

மிளகாய் நமக்கு 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. அதுவரை மிளகும் திப்பிலியும் இஞ்சியும் உறைப்பைத் தந்தன. வந்த பொருளை நம் சமையல் கையாண்ட விதம் அபாரம். கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் அநேகமாகக் கரையாது. மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைக்கும்போது காரம் நாக்கில் ஒரே இடத்தில் குத்தாமல் பரவலாக இறங்குகிறது. குழம்பு, ரசம், கடைசியில் மோர் என்ற வரிசையும் அப்படித்தான். மோரிலுள்ள பால் புரதம் கேப்சைசினைப் பற்றி இழுத்துக்கொண்டு போய்விடும். காரத்தைக் கிளப்பவும் தெரிந்து, தணிக்கவும் தெரிந்த இலை அது.

இவை எல்லாவற்றிலும் எனக்கு உயர்வாகத் தெரிவது மோர்மிளகாய். பச்சை மிளகாயைக் கீறி உப்பு மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலில் உலர்த்தி, இரவில் மறுபடி அதே மோரில் போட்டு, மோர் முழுவதும் வற்றும்வரை காயவைப்பார்கள். எண்ணெயில் கருக வறுத்துத் தயிர்சாதத்தோடு கடித்தால் புளிப்பு, உப்பு, கருகல் மணம் எல்லாம் முதலில் வந்து, உறைப்பு அவற்றின் பின்னால் வரும்.

இப்போது காரப் போட்டிகள் பெருகிவிட்டன. சாறு இறக்கிச் செறிவூட்டிய சாஸ்களை யார் அதிகம் தாங்குவது என்று மோதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. மிளகாய்க்கு மணமும் நிறமும் உண்டு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயைத் தாளித்து இறக்கிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். வாயை மரத்துப்போகச் செய்யும் காரத்தில் அந்த மணம் தெரியாது. வத்தக்குழம்புக்கு அடுத்த முறை தாளிக்கும்போது அந்த மிளகாயை உடைக்காமல் முழுசாகப் போடுங்கள். நல்லெண்ணெயில் அது உப்பிச் சிவந்ததும் குழம்பில் கொட்டிவிடுங்கள்.