ஒரு பெயர், இரு கணக்கு



விற்பனைப் பட்டி எழுதும் மென்பொருளையும் கணக்கேட்டு மென்பொருளையும் இணைத்துப் பெயர்வழியே பொருத்திவிட்டோம் என்று வணிகர் மகிழ்கின்றனர். மறுநாளே பொன்னி என்னும் ஒருவர்க்கு இரு கணக்குகள்! கடன் ஒன்றில், செலுத்திய பணம் மற்றொன்றில்.

ஏன்? ஒருங்குகுறியில் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் பதியலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றே, கணிப்பொறிக்கு வேறு. இது தமிழெழுத்தின் குறையன்று. பிரெஞ்சு மொழியின் குறியிட்ட எழுத்துகளுக்கும் இவ் விடர் உண்டு.

தரவு நுழையும் வாயிலிலேயே பெயர்களை ஒரே வடிவாக்குக. அதனினும் மேலாக, ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் வகுத்து, இரு மென்பொருளும் அவ்வெண்ணாலேயே பொருத்தச் செய்க. ‘ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் தொல்லையில்லை’ என்பாரும் உளர். அங்கும் பொன்னியை ‘ஐ’ எழுத்தில் முடிப்பார் ஒருவர், ‘ஒய்’ எழுத்தில் முடிப்பார் மற்றொருவர். அப்பொழுது எம்மொழிக்கு ஓடுவர்?