தரங்கம்பாடிக் கல்லறையின் அருகே



கோவையில் இரயிலேறி மயிலாடுதுறையில் இறங்கிக் கிழக்கே கடலை நோக்கிச் சென்றால் தரங்கம்பாடி. அங்கே 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில், பலிபீடத்தின் அருகே, தமிழகத்தில் லுத்தரன் திருச்சபைக்கு வித்திட்ட சீகன்பால்கு ஐயர் துயில்கிறார். ஜெர்மனியிலிருந்து 1706-இல் வந்தவர்; 1719-இல் மறைந்தபோது வயது 36.

தமிழில் புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சேற்றி முடித்தவர் என்று அவரை எல்லோரும் போற்றுவர். நான் சொல்ல வந்தது வேறு. 1707 மே 12-ஆம் நாள் அவருடைய பணியில் முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாய் உழைத்தவர்கள். அவர்களை அமரவைத்து நாள்தோறும் போதித்தார் ஐயர். அடிமைக்கு என்ன படிப்பு என்று கேட்ட காலம் அது! அடுத்த ஆண்டே, ஏழை விதவை ஒருத்திக்காகப் பரிந்து பேசி, டேனிஷ் ஆளுநரின் பகைக்கு ஆளாகி, நான்கு திங்கள் சிறையிலும் இருந்தார்.

ஆனால், அடிமைகளைக் கொண்டு தொடங்கிய அந்தச் சபையிலேயே சாதி வந்து அமர்ந்துகொண்டது. ஆம், அமர்ந்துகொண்டது என்றுதான் சொல்லவேண்டும். ஒரே கூரையின்கீழ் அவர்களுக்கு ஓரிடம், நம்மவர்க்கு வேறிடம்!

இராஜநாயக்கன் என்ற பெயரை நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். பறையர் குலத்தவர், தஞ்சை மன்னரின் படையில் பணிபுரிந்தவர், எழுத்தறிந்தவர். தரங்கம்பாடியில் அச்சான வேதநூல் அவர் கைக்கு எட்டியது. படித்தார், ஆராய்ந்தார், 1727-இல் அச்சபையில் சேர்ந்தார். தஞ்சைப் பகுதியில் உபதேசியாராய்த் திறம்படத் தொண்டாற்றினார்.

1733-இல் வேளாளரான ஆரோன் குருவாக அபிஷேகம் பெற்றார். அடுத்த குரு யார் என்ற பேச்சு எழுந்தபோது இராஜநாயக்கன் பெயரும் வந்தது. தகுதியில் குறை காணவில்லை. அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் மறுப்பார்களே என்றுதான் மிஷனரிகள் தயங்கினர். 1741-இல் தியோகு என்பவர் குருவானார். இராஜநாயக்கன் உபதேசியாராகவே இருந்தார்.

சீகன்பால்கு ஐயர் மறைந்து 22 ஆண்டுகளுக்குப்பின், அவர் கல்லறை இருக்கும் அந்தச் சபையில் நடந்தது இது. ஐயரைக் குறை சொல்லவில்லை. அவர் கொடுத்த புத்தகம்தானே இராஜநாயக்கனை எழுப்பியது?

இளைஞர்களே, தரங்கம்பாடி சென்றால் அந்தக் கல்லறைக்கு மலரிடுங்கள். அங்கே நின்று இராஜநாயக்கன் பெயரையும் ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.