ஓர் ஆள் குறைகிறது



இன்றைய உரையிலே விளையாட்டைப் பற்றிப் பேசப் போகின்றேன். கிரிக்கெட்டைப் பற்றியோ உதைபந்தாட்டத்தைப் பற்றியோ அல்ல. ஒரு மேசையைச் சுற்றி இருந்துகொண்டு, தாமல்லாத வேறொருவராகத் தம்மைப் பாவனை செய்து ஆடும் விளையாட்டு ஒன்றைப் பற்றி. நாற்பதைத் தாண்டிய பின் நான் அதனை ஆடினேன். 'இந்த வயதில் இதென்ன கூத்து?' என்று சிலர் கேட்கக்கூடும். முதலில் நானும் அப்படித்தான் கேட்டேன்.

பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த என் மருமகன், தன் நண்பர் மூவரோடு எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தான். "மாமா, ஓராள் குறையுது. நீங்களும் வாருங்கோவன்" என்றான். விடைத்தாள்களை ஒதுக்கிவைத்துவிட்டுப் போய் இருந்தேன்.

அவர்கள் ஆடியது 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்ற விளையாட்டு. 1974 ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே வெளிவந்தது. ஆக்கியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர். அது வெளிவந்தபோது கைகாக்ஸுக்கு வயது 35. காப்புறுதித் தொழிலை இழந்து, சப்பாத்துத் திருத்திப் பிழைத்த குடும்பஸ்தர் அவர். ஆகவே இது சிறுவர்க்கென்று சிறுவரால் ஆனதன்று என்பது தெளிவு.

இதன் முறை எளியது. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். நடத்துபவர் ஒரு நிலைமையைச் சொல்லி, "இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார். ஆடுபவர் தம் செயலைச் சொல்லவேண்டும். அது கைகூடுமா என்பதை இருபது முகங்கொண்ட தாயக்கட்டை தீர்மானிக்கும். வெற்றி தோல்வி என்று முடிவாக எதுவும் இல்லை. கதை நகரும், அவ்வளவே.

பாத்திரமேற்றல் நமக்குப் புதிதன்று. பகலெல்லாம் தோட்டம் கொத்தியவர்கள் இரவில் காத்தவராயன் கூத்தாடியதை நாம் அறிவோம். ஆனால் காத்தான் கழுவேறப் போகிறான் என்பது ஆடுபவருக்கும் தெரியும், சபைக்கும் தெரியும். இந்த விளையாட்டிலோ முடிவு யாருக்கும் தெரியாது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே உவகை பிறக்கும் இடங்கள் நான்கினைச் சொல்லும்போது விளையாட்டையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். அது சிறுவர்க்கே உரியது என்று அவர் வரையறுக்கவில்லை. பெரியாழ்வார் யசோதையாகித் தாலாட்டினார். பாண்டியனின் அமைச்சராயிருந்தவர் என்று போற்றப்படும் மணிவாசகர், அம்மானையும் பொன்னூசலும் தோணோக்கமும் ஆடும் பெண்களாகித் தம்மைப் பாவித்துப் பாடினார். அவருடைய திருச்சாழல், ஒருத்தி வினவ மற்றொருத்தி விடைசொல்லும் மகளிர் விளையாட்டின் வடிவிலே அமைந்தது. ஈழத்து அரசன் தில்லைக்கு அழைத்துச்சென்ற ஊமை மகள், கேட்ட வினாக்களுக்கு வாய்திறந்து விடைசொன்னாள் என்றும், அதுவே திருச்சாழலாயிற்று என்றும் மரபுக் கதை கூறும். வகுப்பிலே பல ஆண்டுகள் இக்கதையைச் சொல்லியிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது அந்த விறாந்தையிலேதான்.

எனக்கு வாய்த்தது ஓர் ஓடக்காரன் பாத்திரம். ஆறு பெருகி வருகிறது. விடிவதற்குள் ஒரு கிராமத்து மக்களை அக்கரை சேர்க்கவேண்டும். எல்லோரும் ஏறிவிட்டார்கள். ஒரு கிழவர் மட்டும் வீட்டுப் படலையடியில் குந்தியிருக்கிறார். வரமாட்டாராம்.

"இப்ப நீங்கள் என்ன செய்யிறியள், மாமா?" என்றான் மருமகன்.

எனக்குப் பேச்சு வரவில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் ஓரிரவில் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி மனிதத் திரள். எங்கள் அப்பு படலையடியில் இருந்துவிட்டார். அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பியபோது வீடு நின்றது. அப்பு இல்லை. மருமகன் அதற்குப் பின்பு பிறந்தவன். இந்தக் கதையை அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

கிழவரைச் சம்மதிக்கச் செய்யப் பார்த்தேன். பதினைந்தாவது விழவேண்டும் என்றான். கட்டையை உருட்டினேன். ஏழு. "கிழவர் தலையாட்டி மறுக்கிறார். இப்ப?" என்றான்.

"வாருங்கோ எண்டு இனிக் கேக்கேல்லை. ஏன் வரமாட்டியள் எண்டு கேக்கிறன்" என்றேன்.

மருமகன் சற்று யோசித்தான். பிறகு கிழவரின் குரலில் சொன்னான்: "நான் போனால் என்ரை மாட்டை ஆர் தம்பி அவிட்டு விடுறது?"

ஓடத்திலிருந்த மற்ற மூவரும் இறங்கிப்போய் மாட்டை அவிழ்த்தார்கள். கிழவர் எழுந்து வந்தார்.

நேயர்களே, அன்று அப்புவிடம் எல்லோரும் 'வாருங்கோ, வாருங்கோ' என்றுதான் சொன்னோம். அழுதோம், கையைப் பிடித்து இழுத்தோம். ஏன் வரமாட்டீர்கள் என்று ஒருவராவது கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பார் என்று நான் சொல்லவரவில்லை. கேட்டிருக்கவேண்டும் என்பதை அறிய எனக்கு முப்பது ஆண்டுகள் சென்றன என்பதையே சொல்ல வந்தேன். அதனை எனக்குக் காட்டியது ஒரு விளையாட்டு.

பெற்றோரின் முகத்தைப் பார்த்து நடந்த வயது அது. முடிவெடுத்தவர்கள் பெரியவர்கள். 'நீ என்ன செய்யப் போகிறாய்?' என்று அன்று என்னை எவரும் கேட்டதில்லை. பின்னர் ஆசிரியனாகி, கேள்வி கேட்பவனாகவே இருந்துவிட்டேன். விடை தெரியாத கேள்வியின் முன்னே என்னை இருத்தியது அந்த விறாந்தை மேசைதான். இளையவர்கள் தாம் கண்டிராத உலகைக் காண இதனை ஆடுகிறார்கள். எங்கள் வயதினரிடம் கண்ட உலகமே நிறைய உண்டு. அதைக் கொண்டுபோய் வைப்பதற்கு ஓரிடம் வேண்டியிருக்கிறது.

அன்றிரவு அவர்கள் கட்டைகளைப் பையில் போட்டபின், மருமகனுக்கு அப்புவின் கதையைச் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பு மாடு வளத்தவரோ, மாமா?" என்று கேட்டான். "ஓம், ஒரு பசு" என்றேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஓராள் குறைகிறது என்று என்றோ ஒருநாள் கூப்பிடக்கூடும். வயதைச் சொல்லி மறுக்காமல், போய் இருங்கள்.