பிறருக்காக ஓடுவோம்

(ஜூபிலி விளையாட்டுப் போட்டிகளைத் தொடங்கி வைத்துப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பந்தயத்தில் ஓடுகிறவனைக் கிறிஸ்தவனுக்கு உவமையாகக் காட்டினார் புனித சின்னப்பர். அந்த உவமைக்கு நம் காலத்தில் உயிர் கொடுத்தவன் கனடா நாட்டு இளைஞன் டெர்ரி ஃபாக்ஸ்.

1977-இல், பதினெட்டு வயதில், எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தான். மருத்துவமனையில் தன்னோடு சிகிச்சை பெற்ற சிறுவர்களின் வேதனை அவனை உறங்கவிடவில்லை. 1980 ஏப்ரல் 12-ஆம் நாள், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி வேண்டிச் செயற்கைக் காலுடன் ஓடத் தொடங்கினான். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர்! நோய் நுரையீரலுக்குப் பரவவே ஓட்டம் நின்றது. 1981 ஜூன் 28-இல், 22 வயதில் இறைவனடி சேர்ந்தான். ஆயினும், நாட்டு மக்கள் தலைக்கு ஒரு டாலர் தரவேண்டும் என்ற அவன் கனவு, அவன் கண்மூடும் முன்பே நிறைவேறிற்று.

நோயாளிக்குக் கொடுத்தால் போதாதா, ஆராய்ச்சிக்கு ஏன் என்று கேட்பீர்கள். நெய்வேலியில் வாழும் நமக்கு விடை தெரியும். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பொங்கும் ஊற்று நீரை இடைவிடாது இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். நீரை இறைக்கும்போது கரி எங்கே என்று நாம் கேட்பதில்லை. ஆராய்ச்சியும் அத்தகையதே. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் ஒரு காலத்தில் மரணத் தீர்ப்பு. இன்றோ தக்க சிகிச்சை பெறுவோரில் பெரும்பாலோர் பிழைக்கின்றனர்.

எனவே இளைஞர்களே, இன்று ஓடும் ஒவ்வொரு சுற்றுக்கும் உற்றாரிடம் ஒரு ரூபாய் கேளுங்கள். சேரும் தொகை, 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நம் ஜூபிலிக் காணிக்கையாகட்டும். கோப்பை ஒருவருக்கே; இந்த வெற்றியோ எல்லாருக்கும் உரியது.

இறைவன் உங்கள் கால்களுக்கு வலிமை அருள்வாராக!