முள் அமீபா

மாணவச் செல்வங்களே, "அமீபாவுக்கு உருவமில்லை" என்று ஒரே வரியில் விடை எழுதிவிடும் வழக்கம் உங்களுக்கு உண்டு. நெடுங்காலம் அத்தகைய விடைத்தாள்களைத் திருத்தியவன் நான். நிலைத்த வடிவம் இல்லாமை வேறு. அமைப்பே இல்லாமை வேறு.

பாடநூலில் நீங்கள் காணும் அமீபா புரோட்டியஸ் தன் இனத்தில் பேருருவம் உடையது. இன்று நான் சொல்லப்போவது அகந்தமீபா என்னும் சிற்றுயிர். குளத்து நீரிலும் ஈர மண்ணிலும் மட்டுமன்றி, குழாய் நீரிலும் அது வாழும். 1930ஆம் ஆண்டில் கஸ்டெல்லானி என்னும் மருத்துவ அறிஞர், தாம் வளர்த்த ஈஸ்ட்டினிடையே அழையா விருந்தாக வந்திருந்த இத்தகைய அமீபாவைக் கண்டார். மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். இவ்வுயிரோ பெரும்பாலும் 15 முதல் 40 மைக்ரான் வரையே இருக்கும்.

நுண்பெருக்கியில் பொறுமையோடு நோக்குங்கள். விளிம்பு பளிங்குபோல் தெளிந்திருக்கும். அதிலிருந்து மெல்லிய முட்கள் நீண்டு குறுகும். கிரேக்க மொழியில் 'அகந்தா' என்றால் முள். உள்ளே மணல் தூவினாற்போன்ற சைட்டோபிளாசம். அதனிடையே ஓர் உட்கரு. உட்கருவின் நடுவே பெரிய நியூக்கிளியோலஸ், சுற்றிலும் தெளிந்த வளையம்.

படம் வரைகையில் நீங்கள் கடைசியாக, இடமிருந்தால் வரையும் சுருங்கு குமிழியே எனக்குப் பெருவியப்பு. உயிரணுவுக்குள் கரைபொருள் மிகுதியாதலால் வெளிநீர் ஓயாமல் உள்ளே புகுகிறது. அந்நீரைத் திரட்டிக் குமிழி பருக்கிறது, சுருங்கி வெளியேற்றுகிறது, மீண்டும் பருக்கிறது. ஓட்டைப் படகில் நீர் இறைப்பவன் கையோய்ந்தால் என்ன ஆகும்? அதே கதிதான் இதற்கும்.

இரை குறைந்தாலோ ஈரம் வற்றினாலோ, முட்களை உள்ளிழுத்து உருண்டு, இரட்டைச் சுவர்க் கூட்டுக்குள் ஒடுங்கிவிடும். வெளிச்சுவர் சுருக்கம் விழுந்தது. உட்சுவர் பல கோணங்கள் கொண்டது. தாவரத்துக்குரிய செல்லுலோஸ் இச்சுவரிலும் உண்டு! குடிநீரில் கலக்கும் அளவு குளோரின் இக்கூட்டை அழிக்கப் போதாது.

ஆதலால் கண்ணில் காண்டாக்ட் லென்ஸ் அணியும் மாணவர்களுக்கு ஒரு சொல். அதனைக் குழாய் நீரில் கழுவாதீர்கள். அணிந்தபடி குளிக்கவோ நீந்தவோ செய்யாதீர்கள். லென்ஸோடு சேரும் அகந்தமீபா, கண்ணின் முன்புறத்துத் தெளிந்த படலத்தைத் தாக்கிப் பார்வையையே பறிக்கக்கூடும். நோய் அரிதுதான். எனினும் கூடு கட்டிக்கொண்ட அமீபாவுக்கு மருந்து எளிதில் எட்டாது. சிகிச்சை பல மாதங்கள் நீளும். லென்ஸ் அணிந்த கண் சிவந்து கடுமையாக வலித்தால், அதைக் கழற்றிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். லென்ஸ் அணியும் செய்தியையும் அவரிடம் மறவாமல் கூறுங்கள்.