கலவாத நிலைகள்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அணுவுலகில் எவை கலக்கும், எவை கலவா என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

எலெக்ட்ரானின் தற்சுழற்சி மேல்நோக்கியும் இருக்கலாம், கீழ்நோக்கியும் இருக்கலாம், இரண்டும் கலந்தும் இருக்கலாம். அக்கலவை நம் அறியாமைக்கு இட்ட பெயரன்று. பக்கவாட்டில் நோக்கும் புதியதொரு நிலை அது, அளந்தறியத் தக்கது.

ஆயினும் எல்லாக் கலவைகளுக்கும் இப்பேறு வாய்ப்பதில்லை. 1952ஆம் ஆண்டில் விக், வைட்மன், விக்னர் என்னும் மூவர் இதனை எடுத்துக் காட்டினர். முழுஎண் தற்சுழற்சியுடைய துகள்கள், நம் நாட்டு சத்யேந்திரநாத் போஸின் பெயரால் போஸான்கள் எனப்படுகின்றன. அரைஎண் உடையவை ஃபெர்மியான்கள். 360 பாகை சுற்றினால் ஒரு போஸானின் நிலை முன்போலவே நிற்கும். ஒரு ஃபெர்மியானின் நிலையோ குறி மாறி நிற்கும். தனித்து நிற்கையில் அக்குறி மாற்றம் எந்த அளவையிலும் புலப்படாது. ஆனால் இவ்விரண்டையும் கலந்தால், ஒரு பகுதி மட்டும் குறி மாற, கலவையே வேறாகிவிட வேண்டும். முழுச்சுற்றோ எதனையும் மாற்றலாகாது! எனவே அக்கலவையை, 'இது அல்லது அது' என்னும் வெறும் நிகழ்தகவினின்று பிரித்துக் காட்டும் அளவை எதுவும் இல்லை என்றனர். தேர்வு விதிகளுக்கும் மேற்பட்டது ஆதலின், இதனை 'மீத்தேர்வு விதி' எனலாம். வெவ்வேறு மின்னூட்டமுடைய நிலைகளுக்கும் இவ்விதி உரைக்கப்பட்டது.

காலம் இவ்வரம்பைக் கடக்குமோ? கடவாது. நிலைகளைக் காலத்தில் நடத்துவது ஆற்றல். அதுவும் அளக்கத் தக்கதாகலின் இவ்விதிக்கு உட்பட்டதே. நியூட்ரான் சிதைந்து புரோட்டான், எலெக்ட்ரான், எதிர்நியூட்ரினோ என மூன்றாகிறது. எனினும் மொத்த மின்னூட்டம் சுழியே; மொத்தத் தற்சுழற்சியும் அரைஎண்ணே.

1967இல் அஹரனோவும் சஸ்கிண்டும் ஓர் ஐயம் எழுப்பினர். மின்னூட்டத்தைப் பற்றிய தடை இயற்கை இட்டதா, அன்றி ஒப்பிடுதற்குரிய துணைப்பொருள் நம்மிடம் இல்லாமையால் தோன்றுவதா என்பதே அது. ஒப்பீட்டின் வலிமையை 1975ஆம் ஆண்டின் சோதனைகள் உணர்த்தின. நியூட்ரான் கற்றையை இரு வழியாகப் பிரித்து, ஒரு வழியில் மட்டும் காந்தப்புலத்தால் தற்சுழற்சியைத் திருப்பினர். இரு வழியும் மீண்டும் கூடியபோது, மறைந்திருந்த குறி மாற்றம் வெளிப்பட்டது. 720 பாகையில்தான் பழைய நிலை மீண்டது. இரு வழியிலும் சென்றது நியூட்ரானே ஆதலின் மீத்தேர்வு விதி பிழைபடவில்லை.

ஆதலால் 'இது இயலாது' என்று கேட்கும்போது, அவ்வியலாமை பொருளில் உள்ளதா, நம் அளவுகோலில் உள்ளதா என்று வினவப் பழகுவோம். நம் குழந்தைகளையும் பழக்குவோம்.