பழைய பியட் கற்பித்த பாடம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தந்தையும் மகனும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நாம் அறிவுரை கூறத் தகுதியுடையோமல்லோம். எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை மட்டும் சொல்ல விழைகிறோம்.

பெரியப்பா விட்டுச்சென்ற 1970ஆம் ஆண்டுப் பியட் 1100 டிலைட் கார் ஒன்று, செம்பூரில் எங்கள் காலனி மதிலோரம் துருவேறிக் கிடந்தது. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், நம் குர்லாவிலே செய்த வண்டி அது. பின்னாளில் பத்மினி எனப் பெயர் பெற்று, மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சியாக ஓடியதும் இவ்வினமே. அவற்றுள் கடைசி டாக்சி 2023 அக்டோபரில் விடைபெற்றதை நீங்கள் அறிவீர்கள்.

பதினாறு வயதுடைய எம் மகன் அக்காலத்தில் எம்மோடு பேசுவதையே குறைத்திருந்தான். ஒருநாள் அவனாகவே வந்து, "அப்பா, அந்த வண்டியை ஹாட் ராட் ஆக்குவோமா?" என்றான். தென் கலிபோர்னிய இளைஞர்கள் 1930களில் பழைய போர்டு கார்களின் சுமையைக் குறைத்து, இஞ்சினை முடுக்கி, வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டிய வேக வண்டிகளுக்கு அப்பெயராம். நம் நாட்டிலோ 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அத்தகைய மாற்றங்களைத் தடுக்கிறது. மாறாக, ஐம்பது ஆண்டு கடந்து மூல வடிவில் பேணப்பட்ட வண்டிக்குத் தனிப்பதிவு வழங்க 2021இல் விதி வந்தது. இருந்தபடியே உயிர்ப்பிப்போம் என்று முடிவாயிற்று.

ஞாயிறுதோறும் வேலை நடந்தது. குர்லா சி.எஸ்.டி. சாலையில் உதிரிபாகங்கள் தேடினோம். தாராவிப் பட்டறையில் கடைசல் வேலை செய்வித்தோம். கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டுபவன் அவன். விளக்குப் பிடிப்பவர் நாம். ஆயினும் கோப்புக் கட்டும் பழக்கம் வீண்போகவில்லை: கழற்றிய ஒவ்வொரு திருகையும் எண்ணிட்ட டப்பாவில் இட்டு, நோட்டில் பதிந்தோம்.

பிரேக்கிலேதான் பிழை நேர்ந்தது. மிதியை அழுத்தினால் எண்ணெய் குழாய்வழியே ஓடிச் சக்கர சிலிண்டர்களைத் தள்ளும். அவ்வெண்ணெய் கசியாமல் காப்பவை சிறு ரப்பர் கிண்ணங்கள். ஒன்று கசிந்தாலும் பழைய வண்டியில் நான்கு சக்கரங்களின் பிடிப்பும் போய்விடும். "எல்லாவற்றையும் மாற்றுவோம், அப்பா" என்றான் மகன். சில நூறு ரூபாயை மிச்சம்பிடிக்க எண்ணி, "பின்சக்கரத்தவை நன்றாகத்தானே இருக்கின்றன" என்று தடுத்தோம்.

காலனி மதிலுக்குள் முதல் ஓட்டம். நாம் ஓட்ட, அவன் முன்னே நின்று கை காட்டினான். மிதி அடியோடு அமிழ்ந்தது. "விலகு!" என்று கூவினோம். அவன் தாவி ஒதுங்க, வண்டி மதிலில் மோதி நின்றது. கூடியவர்கள், "சிறுபிள்ளை பூட்டிய பிரேக் வேறெப்படி இருக்கும்?" என்றார்கள். அவன் எம் முகத்தைப் பார்த்தான். நாம் வாய் திறக்கவில்லை.

அன்பர்களே, வண்டி மோதியதைவிட அந்த மௌனமே எம்மை வருத்தியது. இரவெல்லாம் உறக்கமில்லை. மறுநாள் காலையில் அண்டை வீட்டாரை அழைத்து, அவன் எதிரிலேயே, "பிழை நம்முடையது, அவன் சொன்னதை நாம் கேட்கவில்லை" என்றோம். அவன் சற்றுநேரம் தலைகுனிந்து நின்றுவிட்டு, "அடுத்த ஞாயிறு நான்கையும் கழற்றிவிடலாம், அப்பா" என்றான்.

இன்று அவ்வண்டி மிதித்த இடத்தில் நிற்கிறது. அதனினும் பெரிய பேறு, மாலையில் நாம் வீடு திரும்பியதும் அன்றைய செய்தியை அவனாகவே வந்து சொல்கிறான். பிள்ளைகள் தவறினால் ஒப்புக்கொள்ள வேண்டுமென்று நாம் அனைவரும் போதிக்கிறோம். அதை நாமே ஒருமுறை செய்துகாட்டினால் போதனை பெரிதும் வேண்டியிராது.